ஜப்பானிய மொழி படிக்க இங்கிலீஷ் எதுக்குங்க?

ஜப்பானிய மொழி வகுப்பில் சேருகிற தமிழ்ப் பையன் முதல் நாளே கேட்கிற வாக்கியம் பெரும்பாலும் இதுதான். "இங்கிலீஷ்ல வினைச்சொல் நடுவுல வரும், ஜப்பானீஸ்ல கடைசியிலதான் வரும். அதனால ரொம்பக் கவனமா இருக்கணும்." பையனும் பயபக்தியோடு நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொள்கிறான். அந்த வீட்டில் அம்மா தினமும் "நீ இன்னும் சாப்பிடலையா, நான் காலேஜுக்கு ஃபோன் பண்ணவா" என்று வினைச்சொல்லைக் கடைசியில் போட்டுத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார். அது யாருக்கும் உறைப்பதில்லை. சொல்லிக்கொடுப்பவரும் தமிழர், கேட்பவரும் தமிழர், நடுவில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்றால் இதுதான்.

இதில் வேடிக்கையை விட வருத்தம்தான் அதிகம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் "இங்கிலீஷே வரலை, இதுல ஜப்பானீஸ் வேறயா" என்று கட்டிய ஃபீஸை விட்டுவிட்டு மூன்றாவது வாரம் நின்றுவிடுகிறார்கள். உண்மையில் அந்த வகுப்பிலேயே ஜப்பானிய இலக்கணத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறவர்கள் அவர்கள்தான். பத்தாம் வகுப்பு வரை தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் படித்தவருக்கு ஜப்பானிய இலக்கணத்தின் தொடக்க நிலை பாதி தெரிந்த பாடம். தெரியும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள். உதாரணம் பார்க்கலாம். (ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுவதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அது பின்னால் வரும். இப்போதைக்குக் குறிலைக் குறிலாகவே படியுங்கள்.)

"வதஷி வ ரிங்கொ ஒ தபெமஸ்" என்றால் "நான் ஆப்பிளைச் சாப்பிடுகிறேன்". "ரிங்கொ" ஆப்பிள், அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கிற "ஒ" நம்ம இரண்டாம் வேற்றுமை உருபு "ஐ". சொல்லுக்குச் சொல் அப்படியே வருகிறது. ஆங்கிலத்தில் வேற்றுமை உருபு என்ற சங்கதியே இல்லாததால் ஆங்கிலப் புத்தகங்கள் இதற்குப் "பார்ட்டிகிள்" என்று ஒரு பெயர் வைத்து நாலு பக்கம் விளக்குகின்றன. தமிழருக்கு எதற்கு நாலு பக்கம்? "கர" என்றால் இருந்து, "மதெ" என்றால் வரை, "நொ" என்றால் உடைய, "மொ" என்றால் உம். வாக்கியக் கடைசியில் "க" போட்டால் கேள்வி, தமிழில் "ஆ" போடுவது போல. "ஹொன் தெஸ்" புத்தகம், "ஹொன் தெஸ் க" புத்தகமா? பாடம் முடிந்தது.

அந்த "மொ"வையும் "க"வையும் விட்டு அவ்வளவு சீக்கிரம் நகரக்கூடாது, ஏனென்றால் அங்கேதான் சுவாரஸ்யமே. "தரெ" என்றால் யார். "தரெக" யாரோ. எதிர்மறை வாக்கியத்தில் "தரெமொ" வந்தால் யாரும். "இத்ஸு" எப்போது, "இத்ஸுக" எப்போதாவது, "இத்ஸுமொ" எப்போதும். வினாச் சொல்லோடு ஒரு சின்ன ஒட்டைச் சேர்த்தால் யாரோ, அதே வினாச் சொல்லோடு "உம்"மைச் சேர்த்தால் யாரும். இந்தச் சூத்திரம் இரண்டு மொழியிலும் ஒன்றே. ஆங்கில வழியில் படிப்பவர் இதை ஆறேழு தனித்தனி வார்த்தைகளாக மனப்பாடம் செய்கிறார். தமிழர் மூன்று வினாச் சொல்லைத் தெரிந்துகொண்டால் மீதி தானாக வரும்.

சுட்டெழுத்து ஞாபகம் இருக்கிறதா? அ, இ, உ என்று பள்ளியில் படித்தோமே, "உ எதுக்குடா, யார் இப்ப உது-ன்னு சொல்றாங்க" என்று கிண்டல் செய்தோமே, அதேதான். ஜப்பானியத்தில் "கொரெ" இது, "அரெ" அது, நடுவில் "சொரெ" என்று ஒன்று இருக்கிறது. கேட்பவருக்குப் பக்கத்தில் இருக்கிற பொருளைச் சுட்ட அது. "கொகொ" இங்கே, "சொகொ" உங்கே, "அசொகொ" அங்கே, "தொகொ" எங்கே. தமிழ்நாட்டில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது, ஆனால் யாழ்ப்பாணத்தில் இன்னும் "உது", "உவன்" என்று பேசுகிறார்கள். ஆக, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருக்கு இந்தப் பாடம் நடத்தவே வேண்டாம்.

அடுத்தது வினையெச்சம். ஜப்பானிய வகுப்புகளில் பெரும்பாலானோர் கழன்றுகொள்கிற இடம் "தெ வடிவம்" என்று சொல்லப்படுகிற பாடம். அதைக் கண்டு அலறுவதற்கு ஒன்றுமே இல்லை. பார்த்து, வாங்கி, போய், வந்து என்று நாம் சொல்கிற அதே வினையெச்சம்தான். "மிரு" பார், "மிதெ" பார்த்து. "கவு" வாங்கு, "கத்தெ" வாங்கி. எந்த வினை எப்படி மாறும் என்பதை மட்டும் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஆனால் மாறிய பிறகு அதை வைத்து என்ன செய்வது என்பதைத் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "தபெதெ மிரு" என்றால் சாப்பிட்டுப் பார். "மிரு" என்பது கண்ணால் பார்க்கிற அதே பார்தான், துணைவினையாக வந்து "முயற்சி செய்" என்ற பொருளைத் தருகிறது. "ஒகு" என்றால் வை. "கத்தெ ஒகு" என்றால் வாங்கி வை. "மொத்தெ குரு" கொண்டு வா, "மொத்தெ இகு" கொண்டு போ. "ஒஷியெதெ குரெரு" சொல்லித் தா. "தபெதெ ஷிமவு" சாப்பிட்டு விடு. சாப்பிட்டுப் பார் என்பதில் எதைப் பார்ப்பது என்று ஒரு அமெரிக்கருக்கு விளக்கிப் பாருங்கள், தலை சுற்றிவிடும். ஜப்பானியருக்கு விளக்கவே வேண்டாம், அவர் வீட்டிலும் சாப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். :-)

பெயரெச்சமும் அப்படியே. "கினோஓ கத்த ஹொன்" என்பது "நேற்று வாங்கிய புத்தகம்". "இகு தொ இத்த" என்பது "போவேன் என்று சொன்னான்". அந்த "தொ" நம்ம "என்று". "எனக்குத் தங்கை இருக்கிறாள்" என்பதையும் ஜப்பானியர்கள் தமிழ் மாதிரியே இருக்கிறாள் என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலக்காரர் மாதிரி தங்கையை உடைமையாக வைத்துக்கொள்வதில்லை.

தமிழை விடச் சுலபமான இடமும் உண்டு. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து "இகிமஸ்" ஒன்றே போதும். ஆண்பால் பெண்பால் விகுதி கிடையாது, ஒருமை பன்மைத் தகராறு கிடையாது. தமிழ் கற்கிற ஜப்பானியர் பாவம், அவருக்குத்தான் கஷ்டம்.

இவ்வளவு சொன்னதும் ஒரு கூட்டம் "பார்த்தீங்களா, ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து வந்ததுதான்" என்று ஆரம்பித்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். இந்த ஒற்றுமையை வைத்து இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று வாதாடியவர் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழி அறிஞர். 1919ல் பிறந்தவர், 2008ல் காலமானார். யாழ்ப்பாணத்து அறிஞர்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தவர், அந்த உழைப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவருடைய முடிவை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவது, உருபு பின்னால் ஒட்டுவது எல்லாம் கொரிய மொழியிலும் உண்டு, துருக்கியிலும் மங்கோலியத்திலும் உண்டு. எல்லோரையும் சொந்தக்காரர் என்று கல்யாணப் பத்திரிகையில் போட முடியாது.

ஒரே மாதிரி ஒலிக்கிற வார்த்தைகளை வைத்து உறவு கொண்டாடுவது இன்னும் ஆபத்து. தமிழில் பொத்தான், ஜப்பானியத்தில் "பொதன்", இரண்டும் சட்டையில் தைக்கிற அதே சமாச்சாரம். ஆஹா என்று குதிக்க வேண்டாம். இரண்டு நாட்டுக்கும் கப்பலில் வந்த போர்ச்சுக்கீசியர்கள் கொடுத்துவிட்டுப் போன வார்த்தை அது. "இரு" என்ற வினை ஜப்பானியத்திலும் இருக்கிறது, பொருளும் ஏறக்குறைய அதேதான். ஆனால் அதை நம்பி எல்லாவற்றுக்கும் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மனிதர், பூனை, நாய் என்றால்தான் "இரு". புத்தகம், மேசை என்றால் "அரு". இது நம்ம உயர்திணை அஃறிணைப் பிரிவும் இல்லை, ஏனென்றால் பூனை மனிதர் பக்கம் போய்விட்டது. மரத்துக்கு உயிர் உண்டு என்று அறிவியல் பாடத்தில் படித்திருந்தாலும் அதற்கு "அரு"தான். மொழிக்கு உறவு இருக்கிறதோ இல்லையோ, மார்க் வாங்க உதவுவது இலக்கண ஒப்புமை. அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தமிழ் காலை வாரிவிடுகிற இடங்களும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் தமிழ்ப் பெருமைக் கட்டுரை ஆகிவிடும்.

"சென்னையில் இருக்கிறேன்", "சென்னையில் படிக்கிறேன்" இரண்டுக்கும் தமிழில் ஒரே "இல்". ஜப்பானியத்தில் இருப்பதற்கு "நி", ஒரு செயலைச் செய்வதற்கு "தெ". தமிழில் யோசித்தால் இது நிச்சயம் தப்பும். அடுத்து பெயரடை. குளிராக இருக்கிறது, குளிராக இருந்தது என்று நாம் வினையை மட்டும்தான் மாற்றுவோம். ஜப்பானியத்தில் "சமுய்" என்ற பெயரடையே காலம் காட்டி "சமுகத்த" என்று மாறிவிடும். தமிழர் வாயில் "சமுய் தெஷித" என்றுதான் வரும், அது தவறு. எழுவாயோடு வருகிற "வ" என்ற ஒட்டுக்குத் தமிழில் நேரான இணை கிடையாது. "ராமனைப் பொறுத்தவரை" என்று நீட்டிப் புரிந்துகொள்ளலாம், ஆனால் அதற்குப் போட்டியாக இன்னொரு ஒட்டு (தங்கம் என்பதில் வருகிற "க") இருக்கிறது. எப்போது எது என்பதில் பல வருடம் படித்தவர்களே தடுமாறுவார்கள். தொடக்கத்தில் ஒரு விதி போதும்: யார், எது என்ற வினாச் சொல் எழுவாயாக வந்தால் "வ" வராது.

இப்போது அந்த வில்லங்கம். தமிழில் க ஒரே எழுத்து, ஒலி இரண்டு. "கல்" என்பதில் ஒன்று, "தங்கம்" என்பதில் இன்னொன்று. சொல்லுக்கு நடுவே தனியாக வந்தால் நாம் மென்மையாக்கிவிடுவோம். ஜப்பானியத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து. வல்லினமாகச் சொன்னால் "ககி" ஒரு பழம், மென்மையாகச் சொன்னால் சாவி. தமிழில் எழுதிப் படிப்பவர் கடைக்குப் போய்ச் சாவி கேட்டுப் பழம் வாங்கி வருவார். ஆங்கில எழுத்தில் எழுதிப் படித்தாலும் ஆபத்துதான், அங்கே குறில் நெடில் குழம்பும். "ஒபசன்" அத்தை வயதுப் பெண்மணி, "ஒபாஅசன்" பாட்டி. அத்தையைப் பாட்டி என்று கூப்பிட்டால் எந்த நாட்டிலும் சாப்பாடு கிடைக்காது. எனவே முதல் இரண்டு வாரத்தில் ஹிரகானா எழுத்துக்களைக் கற்றே ஆக வேண்டும். அடிப்படை எழுத்துக்கள் 46. அதே ஒலிகளுக்குக் கதகானா என்று இன்னொரு 46. தமிழில் 247 எழுத்துக்களை ஐந்து வயதில் படித்து முடித்தவர்கள் இதற்குப் பயப்படுவதில் நியாயமே இல்லை. அகரவரிசையும் அந்நியமில்லை. அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹ இருக்கிற இடத்தில் ப போட்டுப் பாருங்கள், நம்ம வரிசைதான். ஜப்பானிய மொழியில் அந்த ஹ பழங்காலத்தில் ப ஆகவே இருந்தது. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்துமுறையைப் படித்ததன் வழியாக அந்த வரிசை அங்கே போனது.

காஞ்சி (ஊர் இல்லை, சித்திர எழுத்து) மட்டும் உண்மையிலேயே மலை. அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பான் அரசு 2010ல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2136 எழுத்துக்கள் இருக்கின்றன. தமிழோ ஆங்கிலமோ இதில் உதவாது. தொடக்க நிலைக்குச் சுமார் நூறு தெரிந்தால் போதும் என்பது ஒரு ஆறுதல்.

வார்த்தைகளும் ஒன்றும் சூனியத்திலிருந்து தொடங்கவில்லை. ரிக்‌ஷா என்ற வார்த்தை ஜப்பானிய "ஜின்ரிகிஷ"விலிருந்து வந்தது. "ஜின்" மனிதன், "ரிகி" சக்தி, "ஷ" வண்டி. அந்த "ஷ"வைப் பிடித்துக்கொண்டால் ரயில் "தென்ஷ", கார் "ஜிதோஓஷ", சைக்கிள் "ஜிதென்ஷ" எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு சுனாமி என்ற வார்த்தை தெரியாத தமிழ் வீடு கிடையாது. "த்ஸு" துறைமுகம், "நமி" அலை. காமர்ஸ் படிப்பவர்கள் மேனேஜ்மென்ட் பேப்பரில் கைசென், கான்பன் என்று அர்த்தம் தெரியாமல் எழுதி மார்க் வாங்குகிறார்களே, கைசெனில் "கை" மாற்றம், "சென்" நல்லது. கான்பன் என்றால் பெயர்ப்பலகை, கடை வாசலில் தொங்குகிறதே, அது. ஐந்து எஸ் என்று ஒப்பிக்கிற அந்த ஐந்தும் ஜப்பானியச் சொற்களே. கம்பெனிக்கு "கைஷ", சமூகத்துக்கு "ஷகை". அதே இரண்டு எழுத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

எண்களில் மட்டும் கணக்குப் பிள்ளைகள் உஷாராக இருக்க வேண்டும். பதினொன்று என்பது பத்து-ஒன்று, இருபது என்பது இரண்டு-பத்து, அதுவரை தமிழ் மாதிரியே. பத்தாயிரத்தைத் தொட்டதும் பாதை பிரிகிறது. அவர்களுக்குப் பத்தாயிரம் ஒரு தனி அலகு, பெயர் "மன்". லட்சம் என்பது பத்து மன், கோடி என்பது ஆயிரம் மன், பத்துக் கோடிக்கு "ஒகு" என்று அடுத்த அலகு. மில்லியன் வழியாகச் சுற்றி வந்தால் சைபர் தொலையும். ஒரு சைபரை ஏற்றி இறக்கி நேராக லட்சத்திலிருந்து மன்னுக்குப் போவது சுலபம். 2024 ஜூலையில் வந்த புதிய ஒரு மன் யென் நோட்டில் இருக்கிறவர் ஷிபுசவா எய்இச்சி, ஜப்பானின் முதல் நவீன வங்கியை 1873ல் தொடங்கியவர். காமர்ஸ்காரர்கள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் சரி, வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: "முப்பதே நாளில் ஜப்பானிய மொழி, உடனே ஜப்பானில் வேலை" என்ற போஸ்டர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஜேஎல்பிடி தேர்வில் என்5 தான் அடிமட்ட நிலை. 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் கேட்டல் பகுதியில் 60க்கு 19ம், மீதியில் 120க்கு 38ம் தனித்தனியாக எடுக்க வேண்டும். முழுக்க முழுக்க விடையைத் தேர்ந்தெடுக்கிற தேர்வு. பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. அதனால் ஒரு வரி பேசத் தெரியாமலே தேறிவிடலாம். ஜப்பான் 2019 ஏப்ரலில் தொடங்கிய திறன் தொழிலாளர் விசாவுக்குப் பெரும்பாலான துறைகளில் கேட்பது அதற்கு அடுத்த என்4, அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற தேர்வு. கூடவே தொழில் திறன் தேர்வும் உண்டு. என்5 சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஏஜென்ட் வீட்டு வாசலில் நிற்பதில் பயனில்லை.

இங்கேதான் பயிற்று மொழி விஷயம் வந்து உறுத்துகிறது. என்5க்கும் என்4க்கும் நடுவில் நிறைய பேர் நிற்பதற்கு ஜப்பானிய மொழி காரணமில்லை. தெ வடிவமும் பெயரெச்சமும் ஆங்கிலத்தில் புரியாமல் போவதுதான் காரணம். "இது வினையெச்சம், இது பெயரெச்சம், இது துணைவினை" என்று மூன்று தமிழ் வார்த்தைகளைப் பலகையில் எழுதினால் ஒரு மாதப் பாடம் ஒரு வாரத்தில் முடியும். வகுப்பில் வேற்று மாநிலத்துப் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கன்னடப் பிள்ளைக்கும் தெலுங்குப் பிள்ளைக்கும்கூட இதே இலக்கணம்தான் வீட்டில் இருக்கிறது. இந்திக்காரருக்கும் வினை கடைசியில்தான். வகுப்பில் ஆங்கிலத்தில் சிந்திக்கிறவர் ஒருவர்கூட இல்லாமல் ஆங்கிலத்தில் பாடம் நடப்பது யாருக்காக?

ஆசிரியர் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜப்பான் ஃபவுண்டேஷன் வெளியிட்டுள்ள இரோதொரி பாடப்புத்தகம், ஒலிக்கோப்புகளோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தப் புத்தகமாக இருந்தாலும் ஒவ்வொரு உதாரண வாக்கியத்துக்கும் கீழே பென்சிலால் தமிழ் எழுதுங்கள். அழகான தமிழ் வேண்டாம், சொல்லுக்குச் சொல் வைத்த தமிழ். எங்கே பொருந்துகிறதோ அங்கே நிற்காமல் கடந்து போங்கள். எங்கே பொருந்தவில்லையோ அந்த வாக்கியத்தை மட்டும் தனி நோட்டில் எழுதுங்கள். "நி", "தெ", "சமுகத்த" போல ஒரு முப்பது நாற்பது சங்கதிதான் அந்த நோட்டில் சேரும். ஜூலை, டிசம்பர் தேர்வுக்கு முந்தின நாள் புரட்ட அந்த நோட்டு போதும்.